பண்டமாற்றா, கைமாற்றா?

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர், பள்ளிப்பட்டில் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் இளைஞர் சிலர் நின்று துண்டறிக்கை வழங்கினர். சென்னையிலிருந்து வந்த தொண்டர்கள் மூவர். அவர்களோடு நம் ஊர்ப் பிள்ளைகள் நால்வர். பிள்ளைகள் நால்வரும் என்னிடம் ஓதியவர்கள். ஊருக்கென்று தனிச் சீட்டு அச்சிட்டு, பொருளுக்குப் பொருளும் உழைப்புக்கு உழைப்பும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கப் போவதாகக் கூறினர். "உஸ்தாது அவர்கள் மிம்பரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றனர். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை எழுதித் தருகிறேன் என்று அன்று வாக்களித்தேன். அவ்வாக்கின் நிறைவேற்றமே இக்கட்டுரை.

முதலில் அவர்களுடைய எண்ணத்தைக் குறை கூற நான் வரவில்லை. வட்டியின் கொடுமையைக் கண்டு மனம் கொதித்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் நல்ல எண்ணம் ஒன்றே ஒரு செயலை ஷரீஅத்துக்கு உகந்ததாக ஆக்கிவிடாது; ஏழைக்கு உகந்ததாகவும் ஆக்கிவிடாது. அவர்கள் தம் துண்டறிக்கையில் மூன்று வாதங்களை வைத்தனர். ஒன்று: பண்டமாற்றே நபிவழி. இரண்டு: அரசாங்கத்தின் காகித நாணயமே வட்டியின் பிறப்பிடம், அதைக் கைவிட்டால் வட்டியிலிருந்து விடுதலை. மூன்று: ஊர்ச் சீட்டு புழங்கினால் ஊரின் செல்வம் ஊரிலேயே தங்கும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பண்டமாற்று நபிவழி என்போர், ஹதீஸ் கிதாபுகளில் வியாபாரப் பாடத்தைப் புரட்டியதில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியை மதரஸாவின் இளநிலை மாணவனும் அறிவான். கைபரின் நிர்வாகத்துக்கு நியமிக்கப்பட்டிருந்த ஒருவர், உயர்ந்த ரகப் பேரீத்தம் பழத்தை நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார். கைபரின் பழமெல்லாம் இப்படித்தானா என்று வினவியபோது, தாழ்ந்த ரகத்தில் இரண்டு ஸாவு கொடுத்து இதில் ஒரு ஸாவு வாங்குகிறோம் என்றார். அதாவது பண்டமாற்றுச் செய்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். தாழ்ந்த பழத்தை திர்ஹத்துக்கு விற்று, அந்த திர்ஹத்தைக் கொண்டு உயர்ந்த பழத்தை வாங்குமாறு பணித்தார்கள். இதைவிடத் தெளிவு வேறென்ன வேண்டும்? பண்டமாற்றிலிருந்து நாணயத்தின்பால் மக்களைத் திருப்பியதன்றோ நபிவழி?

காரணமும் வெளிப்படையானது. பொருளுக்குப் பொருள் மாற்றும்போது விலையைச் சொல்ல நடுவர் இல்லை. வல்லவன் சொன்னதே மதிப்பு. பசித்தவன் தன் பொருளை மலிவாகத் தள்ளிவிடுகிறான். அது அநீதி என்று காட்ட அவனிடம் அளவுகோல் இல்லை. நாணயம் நடுவில் நின்றால் இரண்டு பொருளின் விலையும் ஊரறிய வெளிப்படும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவு உலூமித்தீனில், நன்றி செலுத்துதலைப் பற்றிய பகுதியில் இதனை அழகாக விளக்கியுள்ளார்கள். குங்குமப்பூ வைத்திருப்பவனுக்கு ஒட்டகம் தேவை; ஒட்டகம் வைத்திருப்பவனுக்குக் குங்குமப்பூ தேவையில்லாமலும் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாகவே நாணயம் படைக்கப்பட்டது என்பது அவர்கள் கருத்து. தனக்கென நிறமில்லாமல் எல்லா நிறத்தையும் காட்டும் கண்ணாடியைப் போலவும், தனக்கெனப் பொருளில்லாமல் பிற சொற்களின் பொருளை விளக்கும் இடைச்சொல்லைப் போலவும் அது இருக்கிறது என்றார்கள். அத்தகைய நீதிபதியை ஊரைவிட்டுத் துரத்திவிட்டு நீதி நிலைநாட்டப் போகிறோம் என்றால் எவ்வாறு?

இன்னும் கேளுங்கள். உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீத்தம் பழம், உப்பு என ஆறு பொருள்கள் கூறப்பட்டுள்ளன. இனம் ஒன்றாயின் அளவும் ஒன்றாக, கைக்குக் கை. இனம் வேறாயின் அளவு வேறுபடலாம், ஆயினும் கைக்குக் கை. ஷாஃபிஈ மத்ஹபில் இதன் காரணம் உணவாயிருத்தலும் நாணயமாயிருத்தலும். ஹனஃபி மத்ஹபில் அளந்தோ நிறுத்தோ விற்கப்படுதலும் இன ஒற்றுமையும். எந்த மத்ஹபின்படி பார்த்தாலும், இன்று அரிசியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் பருப்பை வாங்கிக்கொள்வது என்னும் பண்டமாற்று, தவணையால் விளையும் ரிபாவில் போய் விழுகிறது. வட்டியிலிருந்து தப்பிக்கப் புறப்பட்டவர்கள் வட்டியின் வாசலிலேயே பாய் விரிக்கிறார்கள்! பிக்ஹு நூல்களில் ரிபாவைப் பற்றிய பாடத்தின் பெரும்பகுதி பண்டமாற்றைப் பற்றியதாக இருப்பது வீணாக அன்று.

"நாங்கள் நேரே மாற்றவில்லை, நடுவில் சீட்டு இருக்கிறது" என்று அவர்கள் விடையிறுக்கலாம். நன்று. சீட்டு என்பது என்ன? வராத பொருளுக்கான உரிமைச் சீட்டு. இதுவும் புதிய செய்தியன்று. மதீனாவை அடுத்த செங்கடல் துறைமுகமான அல்ஜாரில் வந்திறங்கிய தானியத்துக்கு, மர்வான் இப்னுல் ஹகமின் காலத்தில் மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. மக்கள் தானியத்தைக் கைப்பற்றுவதற்கு முன்பே சீட்டுகளைத் தமக்குள் விற்கவும் வாங்கவும் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு ஸஹாபியும் மர்வானிடம் சென்று, ரிபாவை ஹலாலாக்குகிறீரா என்று கடிந்தார்கள். மர்வான் காவலரை அனுப்பிச் சீட்டுகளை மக்கள் கையிலிருந்து பறித்து உரியவரிடம் சேர்ப்பித்தார். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதனை முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். சீட்டு வியாபாரத்தின் கேட்டை ஸஹாபாக்கள் கண்ணாலே கண்டு தடுத்தார்கள் என்பதற்கு இதனினும் சான்று உண்டோ?

இனி இரண்டாவது வாதம். ரூபாய்த் தாள் வட்டியின் பிறப்பிடமாம், பிற ஆட்சியின் முத்திரை தாங்கியதாம், ஆகவே தள்ளத்தக்கதாம். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மக்கா மதீனாச் சந்தையில் புழங்கிய தீனார் ரோமப் பேரரசினுடையது, திர்ஹம் பாரசீகத்தினுடையது. கைஸருடைய உருவமும் கிஸ்ராவுடைய நெருப்புப் பீடமும் பொறித்த நாணயங்கள் அவை. அவற்றைக் கொண்டே ஜகாத் கணக்கிடப்பட்டது, மஹர் கொடுக்கப்பட்டது. இஸ்லாமிய முத்திரையோடு தனி தீனார் அடிக்கப்பட்டது உமய்யா கலீஃபா அப்துல் மலிக்கின் காலத்தில், ஹிஜ்ரி 77இல்தான். அதுவரையிலும் முஸ்லிம்களின் வியாபாரம் ஹராமாக இருந்ததென்று இவர்கள் கூறுவார்களா?

காகிதமாயிற்றே என்பர். உமர் (ரலி) அவர்கள் ஒட்டகத் தோலில் திர்ஹம் செய்ய எண்ணியதையும், அவ்வாறு செய்தால் ஒட்டகமே மிஞ்சாது என்று பிறர் கூறியதால் விட்டுவிட்டதையும் பலாதுரி தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். தோல் நாணயமாவது கூடாது என்று அங்கே யாரும் வாதிடவில்லை. மக்கள் தோலையே நாணயமாக ஏற்றுப் புழங்கினாலும், அதனைப் பொன் வெள்ளிக்குத் தவணையில் விற்பதைத் தாம் வெறுப்பதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கூறியது முதவ்வனாவில் உண்டு. பொருள் யாது? எது நாணயமாகப் புழங்குகிறதோ அதற்கு நாணயத்தின் சட்டம் பொருந்தும். இதே அடிப்படையில், 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய பிக்ஹு அகாதமி, காகித நாணயம் முழு நாணயமே என்றும், ஜகாத்தும் ரிபாவும் அதற்குப் பொருந்தும் என்றும் தீர்மானித்தது. ரிபா தாளில் இல்லை; உடன்படிக்கையில் இருக்கிறது. தாளை மாற்றினால் உடன்படிக்கை மாறிவிடாது. ரூபாயில் கந்துவட்டி வாங்குகிறவன் ஊர்ச் சீட்டிலும் கந்துவட்டி வாங்குவான். அவனைத் தடுக்கச் சீட்டு உதவாது. 2003இல் தமிழக அரசு இயற்றிய கந்துவட்டித் தடைச் சட்டத்தைத் துணிந்து பயன்படுத்தினால் அது உதவும்.

இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். தொண்டர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஆஸ்திரியாவின் வோர்கில் என்னும் சிற்றூர். 1932 சூலையில் அவ்வூர் நகரத் தலைவர் மிக்கேல் உண்டர்குக்கன்பர்கர் ஊர்ச் சீட்டு வெளியிட்டார். வேலையின்மை குறைந்தது, சாலைகள் செப்பனிடப்பட்டன. 1933 செப்டம்பரில் ஆஸ்திரிய மைய வங்கி அதனை நிறுத்திவிட்டது. இது உண்மை. ஆனால் அவர்கள் கூறாமல் விடும் செய்திகள் இரண்டு. அச்சீட்டுக்கு ஈடாக அரசாங்க நாணயம் வங்கியில் வைக்கப்பட்டிருந்தது. நகரமன்றம் வரிக்கு அச்சீட்டையே ஏற்றுக்கொண்டது. மேலும் சீட்டை வைத்திருப்பவர் திங்கள்தோறும் அதன் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வீதம் முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு! நம் ஜகாத்தோ ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டரை. அதுவும் நிஸாப் உடையவரிடம் மட்டுமே. ஜகாத் செல்வனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கிறது. முத்திரைச் சீட்டோ அன்றாடக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கும் கைம்பெண்ணிடமும் எடுக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றென்று நம் பிள்ளைகள் மேடையில் பேசியபோது என் உள்ளம் நொந்தது.

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். ஊர்ச் செல்வம் ஊரிலேயே தங்குமாம். பள்ளிப்பட்டின் வாழ்வு எதனால் நடக்கிறது? தறியால். நூல் வெளியூர் ஆலையிலிருந்து வருகிறது; சாயம் வெளியிலிருந்து வருகிறது; விசைத்தறிக்கு மின்சாரம் வாரியத்திடமிருந்து வருகிறது. நெய்த துணி வெளியூர்ச் சந்தைக்குப் போகிறது. நூல் வியாபாரி ஊர்ச் சீட்டை வாங்குவானா? மின்வாரியம் வாங்குமா? பேருந்து நடத்துநர் வாங்குவாரா? 1960ஆம் ஆண்டுவரை இப்பகுதி ஆந்திர மாநிலத்தோடு இருந்தது. எல்லை மாறிய பின்னரும் நகரிக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் நின்றதில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே நாணயம் செல்வதால் அன்றோ அது நிற்கவில்லை? இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளி, ஊரிலுள்ள தாய்க்கு எந்தச் சீட்டை அனுப்புவான்? பழவேற்காட்டில் மரக்கலம் ஓட்டிய நம் முன்னோர் பல நாட்டு நாணயங்களை நிறுத்தும் உரைத்தும் வாங்கி வாணிபம் செய்து வாழ்ந்தவர்கள். வெளியுலகோடு உறவாடி உயர்ந்த சமுதாயத்தை நோக்கி வேலி போட்டுக்கொள் என்பது எவ்வகை அறிவுரை?

பிற நாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. அர்ஜென்டினாவின் பெர்னல் நகரில் 1995ஆம் ஆண்டு அக்கம்பக்கத்தார் சிலர் பண்டமாற்றுக் கழகம் தொடங்கினர். 2001இல் அந்நாட்டு வங்கிகள் முடங்கியபோது பல லட்சம் மக்கள் அதில் வந்து சேர்ந்தனர். பின்னர் நிகழ்ந்தது என்ன? சீட்டுகள் அளவின்றி அச்சாயின. போலிச் சீட்டுகள் பெருகின. விலைகள் தாறுமாறாக ஏறின. 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான கழகங்கள் குலைந்தன. கையில் சீட்டோடு நின்றவர்கள் வேலையிழந்த ஏழைகள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2012இல் தொடங்கிய ஊர் நாணயத்தை நகரமன்றமே வரிக்கு ஏற்றது. அதன் தாள்களும் 2021இல் செல்லாதனவாயின.

முஸ்லிம்களின் முயற்சிகளையும் பார்ப்போம். மலேசியாவின் கிளந்தான் மாநில அரசு 2010இல் தங்க தீனாரையும் வெள்ளி திர்ஹத்தையும் வெளியிட்டது. அவை சட்டப்படியான நாணயமல்ல என்று நடுவணரசு அறிவித்தது. அன்றாடக் கடைத்தெருப் பணமாக அவை நிலைக்கவில்லை. இந்தோனேசியாவின் தெப்போக் நகரில் தீனார் திர்ஹச் சந்தை நடத்தியவர் 2021 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அக்டோபரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் குற்றவாளி அல்லர் என்பதில் மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு தீனார் நாலேகால் கிராம் தங்கம். ஏறத்தாழ அரைப் பவுன். அதைக் கொண்டு கத்தரிக்காய் வாங்குகிற ஏழை எங்கே இருக்கிறான்?

நம் நாட்டுச் சட்டத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும். கொண்டுவந்தவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக வாக்களிக்கும் சீட்டை ரிசர்வ் வங்கியும் நடுவணரசும் தவிர வேறெவரும் வெளியிடலாகாது என 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு விலக்குகிறது. கூலியைச் செலாவணியிலுள்ள நாணயத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் விதித்தது. அதனிடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் நாணயமாகவோ வங்கி வழியாகவோதான் கூலி தரப்பட வேண்டும் என்கிறது. இவ்விதி ஏன் பிறந்தது? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் தகரத்திலும் பித்தளையிலும் வில்லை அடித்துக் கூலியாகக் கொடுத்தனர். அவ்வில்லை தோட்டத்துக்கு வெளியே செல்லாது. தோட்டத்தைவிட்டுப் போக நினைத்த கூலியாளின் கையில் வழிச்செலவுக்குக் காசில்லை. இன்றும் நம் தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அக்கடனாலேயே அந்தத் தறியோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். அவர்கள் காலில் இரண்டாவது கயிறாக ஊர்ச் சீட்டையும் கட்டுவதா? இன்று நல்லவர் நடத்துவார். நாளை அதே சீட்டை முதலாளி கூலியாகக் கொடுக்கத் தொடங்கினால் தடுப்பவர் யார்?

இது வெறும் அச்சமன்று. எங்கள் தெருவில் லுங்கி மூட்டிப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் இருக்கிறார். ஏற்பாட்டில் சேர்ந்து மூன்று வாரம் மூட்டிய கூலியைச் சீட்டாகப் பெற்றார். பேரனுக்கு இரவில் மூச்சுத் திணறியது. மருந்துக் கடையில் சீட்டை நீட்டினார். கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறைகூற முடியாது. அவருக்கு மருந்து கொடுப்பவன் சீட்டை வாங்கமாட்டான். அப்பெண் நள்ளிரவில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நூற்று நாற்பது ரூபாய்க்கான சீட்டுகளை நான் வாங்கிக்கொண்டு ரூபாயைக் கொடுத்தேன். அச்சீட்டுகள் இன்றும் என் கிதாபுக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு இந்த ஊரில் பொருள் கொடுப்பார் எவருமில்லை.

இவ்வளவும் எழுதியபின் என்னையும் என் போன்றோரையும் நோக்கி ஒரு கேள்வி கேட்காமல் விட்டால் நான் நீதி செய்தவனாகேன். இப்பிள்ளைகள் ஏன் சீட்டைத் தேடிப் போனார்கள்? நாம் கையை மூடிக்கொண்டதால். பள்ளிவாசலுக்குச் சலவைக்கல் பதிக்க வசூலாகும் பணம், தறி நின்றுபோன வீட்டுக்கு நூல் வாங்க வசூலாவதில்லை. ஜகாத் ரமலானில் சில்லறையாகச் சிதறுகிறதே தவிர, ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதாக இல்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நாயகத்தின் உம்மத்தில், சனிக்கிழமைக் கூலியைப் புதன்வரை இழுத்தடிக்கும் முதலாளிகள் முதல் வரிசையில் தொழுகிறார்கள். இவர்களை நோக்கி நாம் மிம்பரில் பேசியதுண்டா? நானும் போதிய அளவு பேசியதில்லை.

ஆதலின் பிள்ளைகளே, உங்கள் உழைப்பைச் சீட்டில் வீணாக்காதீர்கள். தமிழில் 'கைமாற்று' என்றோர் அழகிய சொல் உண்டு. வட்டியில்லை, பத்திரமில்லை, நம்பிக்கையின் பேரில் வாங்கி, வசதி வந்ததும் திருப்பிக் கொடுப்பது. அரபியில் நாம் கர்ளு ஹஸன் என்று ஓதுவதைத் தமிழ்ப் பாமரன் கைமாற்று என்று செய்துகாட்டியிருக்கிறான். இதனை முறைப்படுத்துங்கள். 1961இல் தேவ்பந்தில் தோன்றிய முஸ்லிம் ஃபண்டு சிறு சேமிப்புகளைத் திரட்டி, நகையை அடகாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் வழங்கியது. அவர்கள் புதிய நாணயம் அச்சிடவில்லை. இருக்கும் ரூபாயைக்கொண்டே வட்டியின் கழுத்தை நெரித்தார்கள். நம் ஜமாஅத்திலும் பைத்துல்மாலுக்கு ஒரு பேரேடு திறவுங்கள். தறிக்காரரின் முன்பணக் கடனை அடைத்து அவரை விடுவியுங்கள். பின்னர் அவர் வாரந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். நூலை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுங்கள். கணக்கை ஜும்ஆதோறும் வாசலில் ஒட்டுங்கள். சீட்டுக்காகப் பேரேடு எழுதிய அதே கைகள் இதையும் எழுத முடியும். சாதி சமயம் பாராமல் கொடுங்கள். தறிக்கு மதமில்லை, பசிக்கும் இல்லை.

ஒருவருக்கொருவர் உதவியாக உழைப்பை மாற்றிக்கொள்வதையும், பொருளை அன்பளிப்பாகக் கொடுப்பதையும் நான் மறுக்கவில்லை, அவை நன்மையே. ஏழையின் கூலியைச் செல்லாத தாளாக்குவதையும், அதற்கு நபிவழியென்று பெயர் சூட்டுவதையுமே மறுக்கிறேன். நான் கூறியதில் பிழையிருப்பின் ஆதாரத்தோடு எழுதுங்கள். திருத்திக்கொள்வதில் எனக்கு நாணமில்லை. பிழையில்லையெனின் வரும் ஜும்ஆவுக்குப் பேரேட்டோடு வாருங்கள். முதல் தொகையை நான் எழுதுகிறேன். மிம்பரில் நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையையும் அன்று சொல்கிறேன். வல்ல நாயன் நம் கைகளை விரியச் செய்வானாக.